தப்புக் கேக்

எங்கள் ஊர்க் கசாப்புக்கூடத்தை மூடியபோது எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்: பன்றியைத் திறப்பது. பீட்ரூட் வயல்களுக்கு அந்தப் பக்கம் கண்ணாடியும் இரும்புமாக ஒரு கட்டடம் எழும்பியிருந்தது. அங்கேயும் பன்றியைத்தான் திறக்கிறார்கள் என்று சொன்னார்கள். போனேன். எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கசாப்புக்கூடத்தில் பன்றிக்குள் ஏதாவது கெட்டிருந்தால் தூக்கி எறிவோம். இங்கே கூட்டம் போடுவார்கள்.

அந்த மருந்து ஆய்வு நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். என்னிடம் ஒரு சைக்கிள்தான் இருக்கிறது.

வேலை இதுதான். மருந்துக் கம்பெனிக்காரர்கள் புது மாத்திரையை மனிதன் வாயில் போடுவதற்கு முன்னால் எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் அதைக் குட்டைப் பன்றிகளுக்குக் கொடுப்போம். முழங்கால் உயரம், வெள்ளைத் தோல், என்னைவிடச் சுத்தம். ஒவ்வொன்றுக்கும் பாட்டன் முப்பாட்டன் யாரென்று எழுதி வைத்திருப்பார்கள். என் பாட்டன் யாரென்று எங்கள் வீட்டில் இரண்டு கருத்து உண்டு. பாதிப் பன்றிகளுக்கு மாத்திரை, பாதிக்கு வெறும் மாவு. பிறகு கீழே என் மேசைக்கு வரும். நான் திறப்பேன், ஈரல், இதயம், சிறுநீரகம் என்று எடுத்து, அழுகாமலிருக்க ஃபார்மலினில் போடுவேன். அப்புறம் மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி மேலே அனுப்புவேன். மத்தியானம் கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவிச் சாப்பிடுவேன். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு ஈரல் பிடிக்கும்.

மேலே ராக்னில் இருந்தாள். ராக்னில் டோஃப்ட், மாட்டு டாக்டருக்குப் படித்தவள். மாடு, பன்றி செத்தால் ஏன் செத்தது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிற மேல்படிப்பும் படித்தவள். ஸ்லைடைப் பார்க்க வேண்டும், கண்டதை எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் தன் வேலை என்று அவள் நினைத்துக்கொண்டு வந்தாள். படித்தவர்களுக்கு அந்த மாதிரி நினைப்புகள் வரும்.

எங்கள் டைரக்டர் பெயர் பிளெமிங் கிராக். எங்கள் நாட்டில் டைரக்டரைப் பேர் சொல்லி 'நீ' என்றே கூப்பிடலாம். அவர் அறைக் கதவும் திறந்தே இருக்கும். உள்ளே போய் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்பு முடிந்த மறுநாள் உன் மேசை வேறு மாடியில் இருக்கும்.

ராக்னில் வந்த முதல் வருஷமே ஒரு ஈரலில் கையை வைத்துவிட்டாள். ஏதோ சர்க்கரை நோய் மாத்திரை. மாத்திரை தின்ற பன்றிகளின் ஈரல் பாதி செத்துக் கிடக்கிறது, கடுமை, என்று எழுதினாள். பிளெமிங் கூப்பிட்டார். நான் அன்றைக்கு ஸ்லைடுப் பெட்டியோடு கதவோரம் நின்றிருந்தேன்.

"ராக்னில், உன் கண்ணு மேல எனக்குப் பெரிய மரியாதை. ஆனா 'கடுமை'ங்கறது ஒரு அளவு இல்ல, அது ஒரு மனநிலை. நேத்து தூங்கினியா?"

"தூங்கினேன்."

"நல்லா சாப்பிட்டியா?"

"பிளெமிங், ஈரல்ல பாதி செத்துப் போயிருக்கு."

"பாதி உயிரோட இருக்குன்னும் சொல்லலாமே? ஏம்மா நீ எப்பவும் செத்த பக்கத்துலயே போய் உக்கார்ற?"

 பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஈரலைப் பற்றித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், டைரக்டருக்குப் பதில் சொல்வதைப் பற்றி இல்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு ஏணி இருந்தது. கடுமை, நடுத்தரம், லேசு, மிக லேசு என்று இறங்கும். எல்லாவற்றுக்கும் அடியில் 'பின்னணி'. பின்னணி என்றால் மாத்திரை கொடுக்காவிட்டாலும் அந்தப் பன்றிக்கு அது வந்தே இருக்கும் என்று அர்த்தம். பின்னணிக்குள் போனது எதுவும் திரும்ப வந்ததில்லை. எங்கள் ஊர்ச் சதுப்பு நிலமாவது உள்ளே போன பிணத்தை அழுகாமல் வைத்திருந்து ஆயிரம் வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்.

மேலிருந்து கீழே இறக்குவதற்கு 'ஒருமித்த கருத்துக் கூட்டம்' என்று ஒன்று உண்டு. ஒருத்தி கண்ணால் கண்டதை ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பிளெமிங் இருப்பார். தரப் பிரிவுத் தலைவி லோனே இருப்பாள். யார் என்ன பேசினாலும் தலை நிமிராமல் மினிட்ஸ் எழுதுவாள், இருமினால் இருமலையும் எழுதுவாள். அதில் டைரக்டர் சொன்னதாக இருப்பது திங்கள் முதல் விதியாகிவிடும். விளம்பர வேலை பார்க்கிற பெண் ஒருத்தி. கணக்கர் ஒருவர், அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும். அப்புறம் கேண்டீன் கை. கை என்பது அவன் பெயர். ஈரலைப் பற்றிப் பேச கேண்டீன்காரன் எதற்கு என்று ராக்னில் கேட்டாள்.

"பல கோணம் வேணும் ராக்னில்," என்றார் பிளெமிங். "நீ ஈரலை நோயோட கோணத்துல பாக்கற. கை அத உணவோட கோணத்துல பாக்கறான்."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது," என்றான் கை, ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து. "ரோஸ் கலர்ல அழகா இருக்கு."

ஈரல் மிக லேசு ஆகி, சாயங்காலத்துக்குள் பின்னணிக்குப் போய்ச் சேர்ந்தது. இருப்பதாக ஒருத்தி சொன்னாள். இல்லை என்று ஐந்து பேர் சொன்னார்கள். ஆக ஒருத்தி தப்பு.

தப்பு என்றால் கேக். எங்கள் நாட்டு வேலையிடங்களில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. தப்புச் செய்தவன் வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். எழுந்து நின்று, என்ன தப்பு என்று தன் வாயால் சொல்லி, தன் கையால் வெட்டிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள், தின்பார்கள், தப்பு தீர்ந்துவிடும். நல்ல பழக்கம். கசாப்புக்கூடத்தில் விரலை வெட்டிக்கொண்ட வாரம் நானும் கொண்டுபோனேன். இடது கையால் வெட்டிக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ராக்னில் ஆப்பிள் கேக்கோடு எழுந்து நின்று, "இல்லாத ஒண்ண நான் ஈரல்ல பாத்துட்டேன்," என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கப்புறம் அவள் சிறுநீரகத்தில் இல்லாததைப் பார்த்தாள். கண் நரம்பில், குடலில், எலும்புக்குள் இல்லாததைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் கேக். வருஷத்துக்கு வருஷம் கேக் நன்றாக வந்தது. ஏலக்காய் போட்டாள், பாதாம் அரைத்துப் போட்டாள். அவள் தொழிலில் வளர்ச்சி என்று நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான்.

நடுவில் இங்கிலாந்திலிருந்து டாக்டர் ஸ்டர்ஜஸ் என்று ஒருவரை இரண்டாம் கருத்துச் சொல்ல வரவழைப்பார்கள். மேல்கோட்டைக் கழற்ற மாட்டார். வெளியே டாக்ஸி நின்றிருக்கும். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு கண்ணால் கடிகாரத்தைப் பார்ப்பார். "பன்றியோடு ஒத்துப்போகிறது," என்பார். போய்விடுவார். அந்த ஒரு வாக்கியத்தை எழுதி, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள்.

இப்படியே ஓடியிருக்கும். முட்டிவலி மாத்திரை வந்தது.

பெரிய மாத்திரை. வயசானவர்கள் எல்லோருக்கும் முட்டி வலிக்கும், எல்லோரும் தின்பார்கள் என்று கம்பெனிக்காரர்கள் கனவு கண்டுகொண்டிருந்தார்கள். பன்றிகளில் முடிந்ததும் வசந்தத்தில் மனிதர்களுக்கு. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பேர் கொடுக்க வரிசை நின்றது. வருஷா வருஷம் எங்களைச் சோதிக்க வரும் மருந்து வாரியத்து ஆய்வாளர் ஓவே கூட விந்தி விந்தி மாடி ஏறும்போது, "அந்த முட்டி மாத்திரை எப்ப வரும் பிளெமிங்?" என்று கேட்பார். அவர் சோதனை என்று செய்ததில் அந்தக் கேள்வியும், கேக் தின்பதும் முக்கியமானவை.

ஒரு காலையில் தொழுவத்தில் ஒரு பன்றி செத்துக் கிடந்தது. நான் திறந்தேன். நெஞ்சு முழுக்க ரத்தம். மற்றவற்றையும் முறைப்படி திறந்தோம். இதயத்தை ராக்னில் பார்த்தாள். மாத்திரை தின்ற பன்றிகளில் இதயச் சுவரின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் புண்ணாகி வீங்கி வெடித்திருந்தன. மாவு தின்றவற்றுக்கு ஒன்றுமில்லை. கடுமை என்று எழுதினாள்.

கூட்டம். முதலில் செத்த பன்றியை எடுத்துக்கொண்டார்கள்.

"'மரணம்'னு எழுத வேணாம்," என்றாள் விளம்பரப் பெண். "படிக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். 'ஆய்விலிருந்து முன்கூட்டியே விலகியது'ன்னு போடலாம்."

"விலகல. செத்தது," என்றாள் ராக்னில்.

"நம்ம பழைய பதிவுகள்ல பாத்தேன்," என்றார் கணக்கர். "இதுக்கு முன்னாலயும் இங்க பன்றி செத்திருக்கு."

"எதுல?" என்றாள் ராக்னில்.

"கரண்ட் ஷாக்ல. ஆனா செத்திருக்கு."

அவ்வளவுதான். முன்னாலும் செத்திருப்பதால் இது புதிதல்ல, புதிதல்லாதது பின்னணி. 'பின்னணி மரணம்' என்று லோனே எழுதினாள். என் அப்பா செத்ததும் அந்த வகைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு முன்னாலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

இதயங்களும் அதே வழியில் இறங்கின. ஸ்டர்ஜஸ் வந்தார், ஒத்துப்போகிறது என்றார், போனார். ஆனால் ஒரு சிக்கல். ஸ்லைடைப் பார்த்தவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை வெளியே போகக் கூடாது என்று சட்டம். அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் அவர்கள் எப்படியோ கூட்டம் போட மறந்திருந்தார்கள்.

"நான் போட மாட்டேன்," என்றாள் ராக்னில். "ஈரலுக்குக் கேக் சுட்டேன். குடலுக்குச் சுட்டேன். இதுக்குச் சுட மாட்டேன். இத மனுஷன் தின்னா மனுஷன் சாவான்."

பிளெமிங் சிரித்தார். "கட்டாயமே இல்லம்மா. உனக்கு எப்ப மனசு வருதோ அப்ப போடு. அதுவரைக்கும் உனக்கு அமைதியான ஒரு இடம் வேணும்."

அமைதியான இடம் கீழ்த்தளம். என் வெட்டுமேசைக்குப் பக்கத்தில், சூடான தண்ணீர்க் குழாய்களுக்கு அடியில். பழைய ஸ்லைடுகளைத் தூசி துடைத்து அடுக்குவது அவள் வேலை. துடைத்தவை எல்லாம் அவள் கண்டு, பின்னணிக்குப் போனவை.

நான் அவளை நம்பவில்லை. படித்தவர்கள் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

"வாரியத்துக்கே எழுதேன்," என்றேன் ஒருநாள்.

"எழுதினேன் வில்லி. உங்க நிலையத்துத் தரப் பிரிவு மூலமா அனுப்புன்னாங்க. லோனேகிட்ட கொடுத்தேன். லோனே பிளெமிங்கிட்ட கொடுத்தா. பிளெமிங் என்கிட்ட கொடுத்து, இதுல ரெண்டு வார்த்தை உணர்ச்சிவசமா இருக்கு, மாத்துன்னான்."

"என்ன ரெண்டு வார்த்தை?"

"'இதயம்.' அப்புறம் 'ரத்தம்.'"

இந்த நேரத்தில்தான் பாஸேவின் காலில் கட்டி வந்தது.

பாஸே பிளெமிங்கின் வேட்டை நாய். வெள்ளையில் பழுப்புத் திட்டு, தொங்கும் காது, ஒரு வயசு. அவருக்குப் பெண்டாட்டி இருந்தாள், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மேசை மேல் இருந்த படம் பாஸேவுடையது. முன்னங்காலில் செர்ரிப் பழம் போல் சிவப்பாக ஒரு கட்டி, பார்க்கப் பார்க்க வளர்ந்தது. ஊர் மாட்டு டாக்டர் வெட்டி எடுத்தார். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், காலையே எடுக்க வேண்டியும் வரலாம், பார்த்தால்தான் தெரியும் என்றார்.

பிளெமிங் அதை ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே அதுதான் முதல் தடவை. குழாயில் தலையை இடித்துக்கொண்டார்.

"ராக்னில், சும்மா ஒரு பார்வை. நட்புக்காக. வெளிய அனுப்பினா வாரக்கணக்காகும். எதுக்கு? நாட்டுலயே நல்ல கண்ணு உன்னோடதுதானே."

அவள் தூசித் துணியைக் கீழே வைத்தாள். "அப்படியா?"

"இதுல என்ன சந்தேகம்!"

கட்டியை மெழுகில் பதித்துச் சீவி நான்தான் சாயம் ஏற்றினேன். அவள் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒரு பார்வை. அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, குழாயில் சொட்டுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னவென்று கேட்டேன். சொல்லவில்லை. முகத்திலும் ஒன்றுமில்லை, இத்தனை வருஷம் கூட்டத்தில் உட்கார்ந்த முகம். ஆனால் அன்று மத்தியானம் வெகு நாளைக்கப்புறம் நன்றாகச் சாப்பிட்டாள். என் ஈரல் விழுதில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பிளெமிங் வந்தார். தலையை இடித்துக்கொண்டார்.

"பாத்தியா?"

"பாத்தேன். மாற்றம் இருக்கு."

"மாற்றம்னா?"

"மிக லேசுன்னும் சொல்லலாம். நடுத்தரம்னும் சொல்லலாம். நாயோட ஒத்துப்போகுது."

"ராக்னில், புத்துநோயா இல்லையா?"

"அது உணர்ச்சிவசமான வார்த்தை, பிளெமிங்."

அவர் சிரிக்க முயன்றார். பாதியில் நின்றுவிட்டது. "விளையாடாத. நீ என்ன பாத்த? அத மட்டும் சொல்லு."

"நான் ஒருத்தி பாத்தத எப்படி வெளிய சொல்றது? ஒருமித்த கருத்துக்கு முன்னால எந்த முடிவும் இந்தக் கட்டடத்தத் தாண்டக் கூடாது. விதி உன்னோடது."

"அப்ப அந்த ஸ்லைடக் கொடு, வேற யார்கிட்டயாவது காட்டறேன்."

"ஸ்லைடும் தாண்டக் கூடாது. அதுவும் உன்னோடதுதான்."

ஸ்டர்ஜஸை வரவழைத்தார். வந்தவர் கோட்டோடு குனிந்து, "நாயோடு ஒத்துப்போகிறது," என்றார். பிளெமிங் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "என்ன அர்த்தம் அதுக்கு? இருபது வருஷமா இதையே சொல்றியே, என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டார். ஸ்டர்ஜஸுக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. டாக்ஸி காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அந்த வாரம் பிளெமிங் பாஸேவை ஆபீசுக்குக் கூட்டி வந்தார். காலில் கட்டோடு அது எல்லோர் கையையும் நக்கிக்கொண்டு திரிந்தது. அவர் சவரம் செய்யவில்லை. படிக்கட்டில் ராக்னில் எதிரே வந்தாள்.

"நேத்து தூங்கினியா பிளெமிங்?"

"இல்ல."

"நல்லா சாப்பிட்டியா?"

அவருக்கு அந்தப் பழைய ஈரல் நினைவுக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு நினைவிருந்தது என்பது தெரியும்.

வெள்ளிக்கிழமை கூட்டம். ஓவே வருகிற நாளும் அதுதான். மேசையில் விருந்து நாளுக்கு வைக்கிற சின்னத் தேசியக் கொடி, உருண்டை ரொட்டி, வெண்ணெய், காலை நேரத்துக் கசப்புச் சாராயம். கேக்கும் இருந்தது, லாரியை வேலியில் இடித்த ஓட்டுநர் வைத்தது. ஓவே மேசைக் கோடியில் ஒரு பெரிய துண்டோடு உட்கார்ந்து, வலிக்கிற காலைப் பக்கத்து நாற்காலியில் நீட்டிக்கொண்டார். நான் ஸ்லைடுப் பெட்டியோடு கதவோரம். இரண்டு விஷயம்: ஒன்று நாய், இரண்டு ராக்னிலின் கையெழுத்து. நாயை முதலில் வைக்கச் சொன்னது பிளெமிங்.

அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வேலைதான் தெரியும்: பிளெமிங் எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று பார்த்து அதைச் சொல்வது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் புரியவில்லை.

"நான் பெரும்பான்மையோட இருக்கேன்," என்றான் கை.

"பெரும்பான்மை எது?" என்றாள் விளம்பரப் பெண்.

"இன்னும் தெரியல."

"அப்ப நானும் அதோடதான். 'கட்டி'ங்கற வார்த்தைய மட்டும் மாத்திக்கலாம். 'கூடுதல் வளர்ச்சி'. நல்லா இருக்குல்ல?"

கணக்கர் தொண்டையைச் செருமினார். செருமலை லோனே எழுதிக்கொண்டதும் அவர் ஆரம்பித்தார்: "ரொம்பக் கவலைப்பட வேணாம் பிளெமிங். பழைய பதிவுகளப் பாத்தேன். நாய் சாகறதுங்கறது முன்னாலயும் நடந்திருக்கு. அதனால இது பின்னணின்னு..."

பிளெமிங் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"நடந்திருக்காம்! முட்டாப்பயலே, இது என் நாய்! மிக லேசா, நடுத்தரமா, எவன்டா கேட்டான்? அது சாகுமா சாகாதா? அதத் தெரிஞ்சவ இந்தக் கட்டடத்துல ஒருத்திதான் இருக்கா! நீங்க யாரு ஓட்டுப் போட? இவன் சூப்புக் காய்ச்சறவன்! இந்தக் கணக்கனுக்குச் சிவப்பே தெரியாது! அந்த இங்கிலீஷ்காரன் கோட்டக் கூடக் கழட்ட மாட்டான்! கண்ணால கண்டவ சொல்றதுதான் முடிவு! அவ எழுதினதுல ஒரு எழுத்த மாத்தறவன் கொலைகாரன்!"

 லோனேயின் பேனா மட்டும் கொஞ்ச நேரம் ஓடி, ஒரு புள்ளியில் நின்றது.

ஓவே மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அத்தனை வருஷத்தில் அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். "லோனே," என்றார், வாயில் கேக்கோடு, "கடைசி வரிய வாசி."

லோனே தலை நிமிராமல் வாசித்தாள். "'கண்ணால் கண்டவர் சொல்வதே முடிவு. எழுதியதில் ஒரு எழுத்தை மாற்றுபவர் கொலைகாரர்.' டைரக்டர் கூறியது. டைரக்டர் கூட்டத்தில் கூறுவது திங்கள் முதல் விதி."

"நல்ல விதி," என்றாள் ராக்னில். "ஒரு சந்தேகம் பிளெமிங். இது நாய்க்கு மட்டுமா? பன்றிக்கும் சேத்தா?"

பிளெமிங்குக்கு அப்போதுதான் உறைத்தது. ராக்னிலைப் பார்த்தார். ஓவேயைப் பார்த்தார். பாஸே மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டி அவர் கையை நக்கியது.

"கொள்கை அளவுல..." என்றார். "எல்லாத்துக்கும்தான்... ஆனா..."

"'எல்லாவற்றுக்கும்'," என்று எழுதினாள் லோனே. 'ஆனா'வுக்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவளும் ஒன்றும் எழுதவில்லை.

ராக்னில் பையிலிருந்து முட்டிவலி மாத்திரையின் அறிக்கையை எடுத்தாள். அவள் முதலில் எழுதியது. இதயம், ரத்தம், கடுமை எல்லாம் அதில் இருந்தது. கொடிக்குப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஓவே பக்கம் தள்ளினாள். நான் நினைத்தது பாதி சரி. படித்தவர்கள் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்தான்.

ஓவே படித்தார். படிக்கப் படிக்க அவர் கை தானாகக் கீழே போய் முட்டியைப் பிடித்துக்கொண்டது.

"இதுல செத்த பன்றி?"

"பின்னணி மரணம்," என்றார் கணக்கர். உதவி செய்கிற குரலில்தான் சொன்னார்.

"வசந்தத்துல இந்த மாத்திரைக்கு நான் பேர் கொடுத்திருக்கேன்," என்றார் ஓவே மெதுவாக. "முதல் பேரே என்னோடதுதான்." கேக் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் பெரிய நேர்மைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். அவரிடம் இருந்த நேர்மை முட்டியில் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. அங்கேயே நின்றுகொண்டு வாரியத்துக்குப் போன் போட்டார்.

பிளெமிங் அதையெல்லாம் கேட்கவில்லை. மேசையைச் சுற்றி ராக்னிலிடம் வந்தார். "பாஸே?" என்றார்.  "இப்பவாவது சொல்லு. பாஸே?"

"ஒண்ணுமில்ல."

"என்ன?"

"ஒண்ணுமில்லன்னேன். சின்ன வயசு நாய்ங்களுக்கு வர்ற கட்டி. வெட்டாம விட்டிருந்தாக் கூடத் தானா உதிர்ந்திருக்கும். அது உன்னைவிட அதிக நாள் இருக்கும்."

அவர் உட்கார நாற்காலியைத் தேடினார். அது விழுந்து கிடந்தது. நாய்க்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"பாத்த உடனே."

"பாத்த உடனேயா! அப்ப இத்தனை நாள்... நான் ராத்திரியெல்லாம்... ஒரு வார்த்தை ராக்னில்! 'ஒண்ணுமில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? நம்ம நிலையத்துல 'ஒண்ணுமில்ல'ன்னு ஒருத்தி தனியாச் சொன்னதே இல்லையே. அதுக்கு எப்பவும் ஐஞ்சு பேர் வேணுமே."

வாரியம் மாத்திரையை நிறுத்தியது. ஆஸ்பத்திரி வரிசை கலைந்து, முட்டிவலிக்காரர்கள் முட்டிவலியோடு வீட்டுக்குப் போனார்கள், உயிரோடு. கம்பெனிக்காரர்கள் வக்கீலை அனுப்பினார்கள். ஸ்டர்ஜஸ் கோட்டோடு போய், வக்கீலோடு ஒத்துப்போகிறது என்று சொல்லியிருப்பார். எங்கள் நிலையத்து முதலாளிகள் கூடி, பிளெமிங் செய்தது தப்பா என்று ஓட்டுப் போட்டார்கள். மிக லேசு என்று வந்தது. அதனால் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவருக்கு அமைதியான ஒரு இடம் வேண்டும் என்றார்கள். இப்போது என் பக்கத்து மேசை அவருடையது. பழைய ஸ்லைடுகளை ஒன்றுவிடாமல் துடைத்து மேலே ராக்னிலுக்கு அனுப்புகிறார். அவள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறாள். காலையில் வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை, குழாயில் தலையை இடித்துக்கொள்கிறார். குனி என்று நான் சொல்லலாம். சொல்வதில்லை.

ஆனால் அதற்கு முன்னால் கேக் விஷயம் இருந்தது. தப்பு லேசோ கடுமையோ, தப்பு தப்புதான். மறு வெள்ளிக்கிழமை அவர் ஒரு பெட்டியோடு வந்தார். கடையில் வாங்கியதில்லை. தானே சுட்டது. ஓரம் கருகி, நடுவில் குழிந்து இருந்தது. ஊழியர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், தொழுவத்து ஆட்கள் உட்பட. அவர் எழுந்து நின்றார்.

"மிக லேசான ஒரு..." என்று ஆரம்பித்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

"சின்னதா ஒரு பார்வைக் குறை..."

"தப்பச் சொல்லு பிளெமிங்," என்றான் கை. பெரும்பான்மை எது என்று அவனுக்கு இப்போது தெரிந்திருந்தது.

பிளெமிங் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இருந்ததை இல்லைன்னு எழுத வெச்சேன்," என்றார்.  வெட்டி, முதல் துண்டை ராக்னிலிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். ஸ்லைடைப் பிடிப்பது போல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு வாய் கடித்தாள். மெதுவாக மென்றாள். அறை முழுக்கக் காத்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் பிளெமிங்.

"கடுமை," என்றாள் ராக்னில்.

லோனே அப்படியே எழுதிக்கொண்டாள். குறைக்கச் சொல்லி யாரும் கை தூக்கவில்லை.